பட்டைத்தூள் நட்சத்திரங்கள்

என் மனைவி தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டது நவம்பர் கடைசியில். நாங்கள் இருப்பது சிட்லபாக்கத்தில் இரண்டாவது மாடி; லிஃப்ட் கிடையாது. மாவுக்கட்டுப் போட்ட காலோடு ஏறி இறங்க முடியாது என்பதால், பெருங்களத்தூரில் தரைத்தளத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்த் தங்கினாள். அது வெளியே சொன்ன காரணம். ஆட்டோவில் காலை நீட்டி உட்கார்ந்த பிறகு இன்னொன்றையும் சொன்னாள்.

“அங்க நான் சாப்பிடறப்போ எதிர்ல யாரும் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு உக்கார மாட்டாங்க.”

அவள் சொன்னது சரிதான். ஏழெட்டு மாதமாக நான் எல்லாச் சாப்பாட்டுக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச்சில் எனக்குக் கொரோனா வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. நான்கு நாளில் எழுந்து உட்கார்ந்து சிறுசேரி ஆபீஸ் வேலையை லேப்டாப்பில் பார்க்கத் தொடங்கிவிட்டேன். வாசனை மட்டும் போயிருந்தது. ஒரு மாதம் கழித்து அது திரும்பி வந்தபோது கெட்டுப்போய் வந்தது. காப்பியில் டயர் எரியும் வாடை. வெங்காயம் வதங்கினால் அடைத்துக்கொண்ட சாக்கடையைக் கம்பி விட்டுக் கிளறிய நாற்றம். முட்டை, கோழி, பூண்டு, பற்பசை என்று எதிலும் ஒரே அடிநாற்றம். அழுகிய ஏதோ ஒன்றின் மேல் சர்க்கரைப் பாகை ஊற்றிவிட்டது போல. குமட்டல் தொண்டையிலேயே குடியிருந்தது. எல்லாவற்றிலும் மோசம் மசாலாப் பட்டைதான். கேம்ப் ரோட்டில் பிரியாணிக் கடை வரும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை முறுக்குவேன். சிக்னல் விழுந்துவிட்டால் ஹெல்மெட்டுக்குள் ஓங்கரித்துக்கொண்டு நிற்பேன்.

காது மூக்கு டாக்டர், நரம்பு அறுந்து தப்பும் தவறுமாக முளைக்கிறது, தானாகச் சரியாகும் என்றார். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, நீலகிரித் தைலம் என்று நான்கு சின்னப் பாட்டில்களைத் தினமும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். இரண்டாம் நாள் கிராம்புப் பாட்டிலைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

மனைவியிடம் “வாய்க்கு எதுவும் பிடிக்கல” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். முழுசாகச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அவளுடைய கழுத்துப் பவுடரிலும், தலைக்கு வைக்கும் எண்ணெயிலும், கொண்டையில் சுற்றிய மல்லிகையிலும் எனக்கு அந்த அழுகல்தான் வந்தது. பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் அதை எந்த வாயால் சொல்வது? கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்காரப் பழகினேன். தன் சமையலைத்தான் நான் வெறுக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவும் அருவருப்பான காரியம்தான், இப்போது யோசித்தால்.

சேலையூரில் எங்கள் சபையில் சின்னப் பிள்ளைகளின் சண்டே ஸ்கூல் வகுப்பை அவள்தான் எடுக்கிறாள். எட்டுப் பிள்ளைகள், ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு மரத்தில் தொங்கவிட அவர்களைக் கொண்டே வாசனை நட்சத்திரங்கள் செய்ய வேண்டும் என்று விழுவதற்கு முன்பே முடிவு செய்திருந்தாள். ஏதோ ஒரு வீடியோவில் பார்த்தது. ஆப்பிளை வேகவைத்து மசித்து, பட்டைத்தூளோடு பிசைந்து, சப்பாத்தி போலத் தேய்த்து, அச்சால் வெட்டி, காயவைக்க வேண்டும். வருஷக்கணக்கில் மணக்குமாம். ஒரு கிலோ பட்டைத்தூளை வாங்கி, இரண்டு கவர் போட்டுச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தாள். இரண்டு கவரையும் தாண்டி அது என்னைத் தேடி வந்துகொண்டிருந்தது.

கால் உடைந்ததும் இது நின்றுபோகும் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. ஆனால் அவள் போனில் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லியாகிவிட்டது, சபை ஹாலில் பெயிண்ட் வேலை நடக்கிறது, அதனால் சனிக்கிழமை நம் வீட்டுக்கே வருவார்கள், நீங்கள்தான் செய்துகொடுக்க வேண்டும் என்றாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த எட்டுப் பேர் விஷயத்தில் அவளிடம் முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்தே தூறல். எட்டுப் பிள்ளைகளும் ஈரச் செருப்பும் ஈரத் தலையுமாக வந்து ஹாலில் உட்கார்ந்தார்கள். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் மசித்த ஆப்பிளைக் கொட்டி, பட்டைத்தூள் பாக்கெட்டின் வாயைக் கத்தரித்தேன். தூள் கிளம்பி முகத்தில் அடித்தது. நனைந்த நாயைப் பெட்ரோலில் போட்டு வேகவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதிப் பாக்கெட்டுக்கு மேல் என்னால் கொட்ட முடியவில்லை. மீதியைக் கவருக்குள் சுருட்டிப் பால்கனியில் பூந்தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து, குறைந்த தூளுக்கு ஈடாக மைதா மாவைப் போட்டுச் சரிக்கட்டினேன். யாருக்குத் தெரியப்போகிறது?

பிசையும் வேலையை நானே செய்திருக்க வேண்டும். ஆனால் பதினாறு கைகளும் ஏற்கெனவே பாத்திரத்துக்குள் இருந்தன. சளி ஒழுகும் ஒரு பையன் புறங்கையால் மூக்கைத் துடைத்து, அதே கையால் மாவை அழுத்தினான். ஒரு பெண் பிள்ளை விரலைச் சூப்பிப் பார்த்து, காரமாக இருக்கிறது என்று திரும்ப உள்ளே துப்பினாள். இன்னொருத்தியின் சடை நுனி உள்ளே விழுந்து, அவள் இழுத்தபோது பழுப்பு நிறத்தில் நூல் நூலாக வந்தது. பார்ப்பதற்கு அந்த மாவு எப்படி இருந்ததென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வயதுப் பையன் உரக்கச் சொல்லி, மற்ற ஏழு பேரும் தரையில் விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயால் மூச்சு விட்டுக்கொண்டே சிரிப்பது கஷ்டம்.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டவள், வகுப்பில் அதிகம் கேள்வி கேட்பவள் என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.

“அங்கிள், உங்களுக்கு இந்த ஸ்மெல் பிடிக்கலையா?”

“ரொம்பப் பிடிக்கும்மா,” என்றேன்.

“அப்ப ஏன் வாயைத் திறந்து வெச்சிருக்கீங்க?”

சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி எழுந்து உள்ளே போனேன்.

தேய்த்தார்கள், வெட்டினார்கள். நட்சத்திரம், மணி, ஒரு மீன், ஒருவன் செய்த பல்லி. ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவால் ஆளுக்கு ஆள் ஓட்டை போட்டார்கள். நாற்பதுக்கு மேல் தேறியது. குறைந்த சூட்டில் இரண்டரை மணி நேரம் ஓவனில் வைத்து, பிறகு இரண்டு மூன்று நாள் ஃபேன் காற்றில் ஆறப்போட வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. பிள்ளைகள் கிளம்பிய பிறகு வைத்தேன். சூடு ஏறியதும் அந்த நாற்றம் வீங்கிக்கொண்டு வந்தது. திரைச்சீலை, சோபா, என் சட்டை என்று எல்லாவற்றிலும் அது ஒட்டியது. இருபது நிமிஷம் தாங்கினேன். பிறகு ஓவனை அணைத்தேன். இன்னும் பிசுபிசுவென்றிருந்ததை எல்லாம் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, மூடியை அழுத்தி, சுற்றி டேப் ஒட்டி, பரண் மேல் தள்ளிவிட்டுக் குளிக்கப் போனேன்.

மாலையில் அவள் போனில் கேட்டாள். நன்றாகக் காய்ந்துவிட்டது என்றேன். வீடெல்லாம் மணக்கிறதா என்று கேட்டாள். மணக்கிறது என்றேன்.

பதினைந்து நாள் மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஏரி நிரம்பி, தெருவில் தண்ணீர் நின்று, வீட்டுச் சுவரே வியர்த்தது. டப்பாவை நான் தொடவில்லை.

மரம் அலங்கரிக்கும் சனிக்கிழமை காலையில் அதை இறக்கி டேப்பைப் பிரித்தேன். மேலே வெள்ளையாகப் பஞ்சு போலப் படர்ந்திருந்தது. மைதா வெளியே பூத்திருக்கிறது என்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டே பத்துப் பதினைந்து துடைத்தபின், தாங்காமல் மூச்சை இழுத்தேன்.

நாறவில்லை.

மறுபடி முகர்ந்தேன். வேகவைத்த வேர்க்கடலை மாதிரி, லேசாக மண் கலந்து, ஒரு மணம். ஒன்பது மாதத்தில் என் மூக்குக்கு வந்த முதல் நல்ல வாசனை. நட்சத்திரத்தை மூக்கோடு ஒட்டிவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நரம்பு சரியாகிவிட்டது, டாக்டர் சொன்னபடியே ஆகிவிட்டது என்று கண் கலங்கியது. எல்லாவற்றிலும் சிவப்பு ரிப்பன் கோத்து, டப்பாவைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, மத்தியானம் ஆட்டோ பிடித்தேன்.

மழைக்காக இரண்டு பக்கமும் திரையை இறக்கிவிட்டிருந்தார் டிரைவர். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தார்.

“பையில இன்னா சார் கீது? கருவாடா?”

“இல்லண்ணா. பட்டை, ஆப்பிள். பிள்ளைங்க கிறிஸ்துமஸுக்குச் செஞ்சது.”

அவர் வண்டியை ஓரங்கட்டி, தன் பக்கத் திரையைச் சுருட்டிக் கட்டிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே சேலையூர் வரை ஓட்டினார். பாவம், காற்றில்லாமல் புழுங்குகிறது போல என்று நினைத்தேன்.

சபை ஹாலில் மரம் நின்றது. பக்கத்தில் வைக்கோல் பரப்பிய மாட்டுக்குடில். எட்டுப் பிள்ளைகள், நாலைந்து அம்மாக்கள், ரெயில்வேயில் ஓய்வு பெற்ற சண்டே ஸ்கூல் தலைவர். பிள்ளைகள் என்னைச் சுற்றி நெருக்கிக்கொண்டு வந்தார்கள். டப்பாவைத் திறந்தேன்.

முதல் வரிசையில் நின்றவர்களின் முகத்தை நான் மறக்க மாட்டேன். மேலுதடு மூக்கை நோக்கி ஏறியது. கன்னம் சுருங்கியது. கழுத்து தானாகப் பின்னால் போனது. ஒருத்தி பாவாடையைத் தூக்கி மூக்கை மூடினாள். வெட்கப்படுகிறார்கள் என்று எண்ணி, ஒரு மணியை எடுத்து ஆறு வயதுப் பையனின் மூக்குக்கு நேரே நீட்டினேன். “மோந்து பாரு, எவ்ளோ நல்லா இருக்கு.” அவன் முகர்ந்தான். பிறகு திரும்பி மாட்டுக்குடிலின் வைக்கோல் மேல் வாந்தி எடுத்தான்.

தலைவர் வந்து டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துக் கைக்குட்டையை எடுத்தார். “தம்பி, இதுல என்னமோ செத்திருக்குப்பா,” என்றார். அவர் சொல்லும்போதே அந்த மணியின் ஓட்டையிலிருந்து, ரிப்பனுக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒரு புழு தலை நீட்டியது. அதை நான்தான் கையில் பிடித்திருந்தேன்.

மழையால் இப்படி ஆகியிருக்கும் என்று ஆரம்பித்தேன். ஓவனில்தான் வைத்தேன், டப்பாதான் சரியில்லை என்றும் சொன்னேன். அம்மாக்கள் ஆளுக்கொரு ஜன்னலைத் திறந்தார்கள். ஒருவர் தன் மகள் கையில் சானிடைசரை மறுபடி மறுபடி ஊற்றித் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணாடிப் பெண் மட்டும் ஓடவில்லை. மூக்கை இரண்டு விரலால் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றாள்.

“அங்கிள், உங்களுக்கு நாறலையா?”

“இல்லம்மா. எனக்கு நல்லா இருக்கு.”

ஜன்னலருகே நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மேல் பொய்க்கு இடமில்லை. எனக்கு மூக்கு கெட்டுப்போய் ஒன்பது மாதமாகிறது, நல்லதெல்லாம் நாறுகிறது, பட்டை ரொம்ப நாறுகிறது, அதனால்தான் பாதித் தூளை ஒளித்துவைத்து மைதாவைப் போட்டேன், ஓவனைப் பாதியில் அணைத்தேன் என்று எல்லாவற்றையும் அந்தக் குழந்தையைப் பார்த்தே சொல்லி முடித்தேன். பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கோ புழுவைவிட இது பெரிய அதிசயமாகப் போய்விட்டது. சாக்லேட் எப்படி இருக்கும், சாம்பார் எப்படி இருக்கும், மல்லிப்பூ எப்படி இருக்கும் என்று தூரத்தில் நின்றே கேட்டார்கள். மல்லிப்பூவுக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.

வைக்கோலை வாரி, வாந்தியைத் துடைத்தது நான்தான். வேறு யாரையும் விடவில்லை. அன்று அந்த ஹாலில் ஓங்கரிக்காமல் அதைச் செய்யக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த முகங்கள் கண்ணுக்குள் வந்தபடி இருந்தன. ஏறிய மேலுதடு, பின்னால் போன கழுத்து. ஒரு தரம் பார்த்ததற்கே எனக்கு இப்படி இருந்தது. சாப்பாட்டு மேஜைக்கு எதிரில் அவள் அதைத் தினம் மூன்று வேளை பார்த்திருக்கிறாள்.

டப்பாவைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, தாம்பரம் போய் மின்சார ரெயில் ஏறி, பெருங்களத்தூரில் இறங்கினேன். தங்கை வீட்டில் யாரும் இல்லை. மனைவி ஜன்னலோரம் மாவுக்கட்டை ஸ்டூலில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அதற்குள் தலைவர் போன் செய்துவிட்டிருந்தார். அவள் கோபமாக இருப்பாள் என்று எதிர்பார்த்துப் போனேன். எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

“எல்லாமே நாறுமா?” என்று கேட்டாள்.

“முக்கால்வாசி.”

“நான்?”

குளித்துவிட்டு வந்தால் ஒன்றுமில்லை, பவுடர் போட்டால், எண்ணெய் வைத்தால், பூ வைத்தால் வருகிறது என்றேன். எப்படி வரும் என்று கேட்டாள். நான் தயங்கினேன். சொல்லச் சொன்னாள். செத்த எலி கிடந்த இடத்தை ஊதுவத்தி வைத்து மறைத்தது போல என்று சொன்னேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“மூணு தடவை சோப்பு மாத்தினேன். தெரியுமா உங்களுக்கு? என்கிட்டதான் ஏதோன்னு நெனச்சுக்கிட்டு. லேடி டாக்டர்கிட்டகூடப் போயிட்டு வந்தேன்.”

எனக்குத் தெரியாது. ஒன்பது மாதத்தில் என் மூக்குக்கு வந்த எந்த நாற்றமும் அந்த நிமிஷம் எனக்கு என் மேலேயே வந்த அருவருப்புக்குக் கிட்டே வராது. மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே மன்னிக்கவில்லை. எழுந்து போக முடியாத காலோடு அவள் உட்கார்ந்திருந்தாள், நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், அந்த மீதிப் பட்டைத்தூள் எங்கே என்று கேட்டாள். பூந்தொட்டிக்குப் பின்னால் நனைந்து கட்டியாகிவிட்டது என்றேன். அப்படியானால் புதுசாக ஒரு கிலோ வாங்கி வாருங்கள் என்றாள்.

திங்கட்கிழமை மழையால் பள்ளிக்கூடம் லீவு. எட்டுப் பிள்ளைகளையும் பெருங்களத்தூருக்கு வரவழைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் எல்லாவற்றையும் செய்ய வைத்தாள். மைதா இல்லாமல், முழுப் பட்டைத்தூளோடு, இரண்டரை மணி நேரம் முழுசாக ஓவனில். ஆப்பிள் சீவியதும், கை கழுவிவிட்டதும், தட்டுத் தட்டாக ஃபேனுக்கு அடியில் பரப்பியதும் என் வேலை. இரண்டு தடவை கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். இந்த முறை யாரிடமும் மறைக்கவில்லை. நான் எழுந்து ஓடும்போதெல்லாம் பிள்ளைகள் கணக்கு வைத்து எண்ணிக் கூச்சல் போட்டார்கள். அவளுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனேன். கடைசி வரிசையில் வாசலை ஒட்டி உட்கார்ந்தோம். கோவில் முழுக்க அந்த மணம் என்று எல்லோரும் சொன்னார்கள். மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். எனக்கு நனைந்த நாயும் பெட்ரோலும்தான். இரண்டாம் பாடலிலேயே வியர்த்துக் கொட்டியது. அவள் பூ வைக்கவில்லை, பவுடரும் போடவில்லை. வைக்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. நடுவில் என் கையைத் தட்டி, வெளியே போய் நின்றுவிட்டு வாருங்கள் என்றாள். போய் நின்றேன்.

ஆராதனை முடிந்ததும் அந்தக் கண்ணாடிப் பெண் என்னைத் தேடிக்கொண்டு வெளியே வந்தாள். மரத்திலிருந்த நட்சத்திரங்களை ஆளுக்கொன்றாகப் பெரியவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னுடையதைக் கையை நீட்டித் தூரத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அங்கிள், மூணு கவர் போட்டு முடிச்சுப் போட்டிருக்கேன். வராது.”

வந்தது. ஹேப்பி கிறிஸ்துமஸ் சொல்லி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.